மூன்றுக்குக் கீழே கோடு

ஐஸ் கம்பெனியில் செத்தவனைத் தூக்கிக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே சாலையோரம் கிடத்திவிட்டார்களாம். எனக்கு இதைச் சொன்னவர் சலூன்காரர். அவருக்குச் சொன்னவர் அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கத்தரிக்கோலை என் காதுக்கு மேலே நிறுத்தி யோசித்துவிட்டு, "ஊரே பேசுது சார்" என்றார். ஊரே பேசுகிறது என்றால் பார்த்தவன் ஒருவனும் அகப்படமாட்டான் என்று அர்த்தம்.

லீவுக்கு வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊர்ச் செய்தி என்றால் ஒரு நப்பாசை. கேட்டதை அப்படியே கொண்டுவந்து அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் போட்டேன். அண்ணன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அண்ணியின் கை மட்டும் கரண்டியோடு நடுவில் நின்றது.

"எந்த ஐஸ் கம்பெனி? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதுவா?"

"ஆமா அண்ணி. கம்ப்ரஸர் ஆபரேட்டராம்."

"அது என் டேபிளுக்கு வந்துச்சு தம்பி. நெஞ்சு வலி, ரோட்டுல நின்னப்போ. நான்தான் 'இல்லை'ன்னு போட்டேன்."

இல்லை என்று போடுவது அண்ணியின் வேலையில் பாதி. மீதிப் பாதி, ஆம், இது வேலையில் வந்த சாவு என்று போடுவது. வேலை செய்யும்போது அடிபட்டோ, விழுந்தோ, மாட்டிக்கொண்டோ, நச்சுக் காற்றைச் சுவாசித்தோ யாராவது செத்தால் அந்தச் சாவு புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து சேரும். அங்கே ஜன்னலோர மேசையில் அண்ணி உட்கார்ந்திருப்பார். வயல், சுரங்கம், கட்டடம், கப்பல் துறை, கடை, பள்ளிக்கூடம் எதுவானாலும் அந்த ஒரே மேசைதான். எந்தத் தொழில், என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார், எது அவரைக் கொன்றது என்று ஒவ்வொரு சாவையும் பிரித்து அதனதன் கட்டத்தில் போட வேண்டும். வருஷக் கடைசியில் அது ஒரு பெரிய அட்டவணையாக அச்சேறும்.

கல்யாணமான புதிதில் எங்கள் அம்மாவுக்கு இது பெரிய சங்கடம். மருமகள் என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கணக்கு" என்பாள். எந்தக் கணக்கு என்று கேட்டால் "சர்க்கார் கணக்கு" என்று பேச்சை வெட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்தான் அண்ணி. கிடைத்தது இந்த வேலை. முதல் நாள் வீட்டுக்கு வந்து கை கால் கழுவாமல் வாசலிலேயே நின்றாராம். அண்ணன், "உள்ள வா, நீ யாரையும் கொல்லலியே, எண்ணத்தானே செஞ்சே" என்று சொல்லித்தான் உள்ளே கூப்பிட்டான். அதற்கப்புறம் அந்த வீட்டில் சாவைப் பற்றிய கூச்சம் போய்விட்டது. அலுவலகத்தில் அவருடைய பகுதிக்கு 'சித்திரகுப்தன் செக்ஷன்' என்று பெயர். பிறந்தநாளுக்கு இனிப்பு கொடுக்கப் போனால்கூட, "யம்மா, இப்பவே கூப்பிடாதே, எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு" என்று கையை இழுத்துக்கொள்வார்களாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதெல்லாம் சுலபமாகத் தெரியும். செத்தான், எண்ணு, அவ்வளவுதானே? அண்ணியோடு தெருவில் நடந்தால்தான் சங்கதி புரியும். வாடகைக் கார் ஓட்டுகிறவர் சாலையில் போனால் கணக்கில் உண்டு, அவருக்குச் சாலைதான் பட்டறை. அதே சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தையல்காரர் போனால் கணக்கில் இல்லை, அவர் இன்னும் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. மகன் கடையில் சம்பளமில்லாமல் மூட்டை இறக்கிய அப்பா உண்டு. வீட்டு மோட்டாரைச் சொந்தமாகப் பழுது பார்த்த எலக்ட்ரீஷியன் இல்லை. வகுப்பில் படம் மாட்ட நாற்காலி மேல் ஏறி விழுந்த டீச்சர் உண்டு. அந்த டீச்சரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அண்ணி ஒரு நிமிஷம் வேறு எங்கோ பார்ப்பார்.

சாரத்தில் யாராவது பாதுகாப்பு பெல்ட் போடாமல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் அண்ணிக்குக் கால் நகராது. கீழே நின்று கத்துவார்: "ஏம்ப்பா, பெல்ட் எங்க?" மேலேயிருந்து பதில் வரும்: "போட்டா அரிக்குதுக்கா!" "அரிச்சா சொறிஞ்சுக்கலாம்ப்பா, போடு!" போட்டான் என்று பார்த்த பிறகுதான் நடப்பார். நான் பயந்த சுபாவம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அண்ணியோடு நடப்பது சௌகரியம்.

செத்தவர் வீட்டுக்கு ஃபோன் செய்ய அண்ணிக்கு ஒரு முறை உண்டு. 'எப்படிச் செத்தார்' என்று கேட்கவே மாட்டார். "அன்னைக்கு என்ன வேலையாப் போனார்?" என்றுதான் ஆரம்பிப்பார். வேலையைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் பேசுவார்கள் என்பது அவர் கண்டது. நான் இரண்டு மொழியில் படித்தவன், இரண்டிலும் சாவை மூடி மறைத்துச் சொல்லப் பத்துப் பத்து வார்த்தை தெரியும். அண்ணி அந்தப் பக்கமே போகமாட்டார்.

அவர்கள் அலுவலகத்தில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, ஒரு சாவை ஆம் என்றோ இல்லை என்றோ முடிக்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சான்று வேண்டும். அண்ணியின் பாஷையில், "ரெண்டு வாய்." இரண்டாவது, அட்டவணையில் ஒரு கட்டத்தில் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் எண்ணை அச்சிடக் கூடாது, கோடு போட வேண்டும். ஒன்று, இரண்டு என்று போட்டால் அது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், குடும்பத்தை ஆளாளுக்கு விசாரிப்பார்கள். அதனால் கோடு. அண்ணி இந்த விதிக்கு வருஷக்கணக்காக வக்காலத்து வாங்கியவர்.

அந்த வருஷம் குளிர்பதன வாயு என்ற வரிசையில் இரண்டு பேர். ஒருவர் மீன் கிடங்கில், ஒருவர் பால் ஆலையில். இரண்டு பேரையும் கொன்றது அம்மோனியா. இரண்டு பேர் என்பதால் கோடு. தொழிற்சாலை ஆய்வாளர்கள் அச்சான அட்டவணையை வைத்துத்தான் எந்தத் தொழிலை முதலில் சோதிப்பது என்று முடிவு செய்வார்கள். எண்ணைப் பார்த்து வருவார்கள். கோட்டைப் பார்த்து யாரும் வரமாட்டார்கள்.

என் அண்ணன் குளிர்சாதன மெக்கானிக். ஐஸ் கம்பெனி, மீன் கிடங்கு என்று ஊரில் எங்கே பெரிய கம்ப்ரஸர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வாயு ஓடுகிற குழாயோடுதான் அவன் பிழைப்பு. "என்னைத் தனிக் கட்டத்துல போடுடி, கும்பல்ல போடாதே" என்று கிண்டல் செய்வான். அண்ணி, "உங்களைக் கட்டத்துல போட்டா கட்டம்தான் கிழியும், தொப்பையைப் பாருங்க" என்பார். ஆனால் அந்த மத்தியானம் இரண்டு பேரும் கிண்டல் செய்யவில்லை. அண்ணன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள்தான் அட்டவணையை மூடும் நாள். அலுவலகம் விடுவதற்குள் மூடி, அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அதே கட்டடத்தில் எனக்கும் ஒரு சான்றிதழ் வேலை இருந்தது. அண்ணியோடு கிளம்பினேன்.

மூன்றாம் மாடி அறையில் விசிறி சத்தம் பெரிது, காற்று சின்னது. மேசைகளில் காகிதம் பறக்காமலிருக்க ஆளாளுக்கு ஒரு பாரம் வைத்திருந்தார்கள். ஒருவர் பூட்டு, ஒருவர் உடைந்த குழாய்த் தலை. அண்ணி அந்தக் கேஸை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு காகிதம். ஒன்று போலீஸ் குறிப்பு, இன்னொன்று பத்திரிகைச் செய்தி. இரண்டிலும் சாலையோரம் நின்றவர் திடீரென நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்றிருந்தது. வயது ஐம்பத்திரண்டு.

"ரெண்டு வாய் இருந்துச்சு. அதான் இல்லைன்னு போட்டேன்" என்றார். குரலில் ஒரு தற்காப்பு இருந்தது. பிறகு ஃபோனை எடுத்து, எழுதக் கை சும்மா இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் இறந்தவருடைய மனைவி.

"வணக்கம்மா. புள்ளிவிவர ஆபீஸ்ல இருந்து பேசறேன். போலீஸ் இல்லம்மா, கம்பெனியும் இல்ல. கொஞ்ச நேரம் பேசலாமா?"

"எல்லாரும் 'இல்லம்மா இல்லம்மா'ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பேசுங்க."

"அன்னைக்கு அவர் என்ன வேலையாப் போனாரும்மா?"

"மிஷின் ரூம்தான், வேற எங்க? அன்னைக்கு அவருக்கு லீவு. வேற ஆள் வரலன்னு கூப்பிட்டாங்க. திட்டிக்கிட்டேதான் போனாரு."

"ரோட்டுல நின்னாருன்னு எழுதியிருக்காங்களே."

"ரோட்டுலயா?" அந்தப் பெண் சிரித்ததுபோல ஒரு சத்தம். "வெயில்ல நிக்கிற ஆளா அவரு? எங்க கல்யாணத்துல ஃபோட்டோ எடுக்கவே நிழலைத் தேடிப் போய் நின்னவருங்க."

அண்ணி எழுதிக்கொண்டே கேட்டார்: "அவர் போட்டிருந்த துணியை உங்ககிட்ட கொடுத்தாங்களா?"

"ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. முகத்துக்கிட்ட கொண்டுபோனேன், கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டிடுச்சு. அழுது அழுது எரியுதுன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டம்மா வாங்கிப் பிரிச்சாங்க. அவங்களுக்கும் எரிஞ்சுது. அவங்க அழவே இல்லைங்க."

அண்ணியின் பேனா நின்றது. அடுத்த கேள்வி சும்மா பேச்சை முடிப்பதற்காகக் கேட்டதுபோலத்தான் இருந்தது. "அவர் வயசும்மா? அம்பத்திரண்டா?"

"யாரு சொன்னது? நாப்பத்தாறு. அம்பத்திரண்டு அந்த மேனேஜருக்கு இருக்கும்."

ஃபோனை வைத்த பிறகு அண்ணி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸில் ஐம்பத்திரண்டு. பத்திரிகையிலும் ஐம்பத்திரண்டு. பத்திரிகைக்காரன் தானாக விசாரித்திருந்தால் வேறு ஏதாவது ஒரு தப்பு செய்திருப்பான். இதே தப்பைச் செய்திருக்க மாட்டான். அவன் போலீஸ் குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறான். போலீஸ்காரர், மேனேஜர் சொன்னதை எழுதியிருக்கிறார்.

"ரெண்டு காகிதம் தம்பி. ஒரே வாய்" என்றார். "புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பேப்பரை எண்ணாதீங்க, வாயை எண்ணுங்கன்னு."

வராந்தாவில் போய் நின்றோம். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி பேசினார்.

"பால் ஆலை கேஸை முடிச்சேன் பாரு, ரெண்டாவது. முடிச்சதும் மனசு சொல்லுச்சு, இன்னும் ஒண்ணு வந்தா எண் வந்துடும், அந்தக் கோடு போயிடும்னு. ஒரு உசிரு போகணும்னு நினைச்சிருக்கேன் நான். எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்தேன்." கம்பியில் உரிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். "அப்பவே அந்த மூணாவது ஆள் என் டேபிள்லதான் இருந்திருக்காரு. அவங்க கேட்டுக்கு வெளியே தூக்கிப் போட்டாங்க. நான் கணக்குக்கு வெளியே தூக்கிப் போட்டேன்."

"டீ சாப்பிடலாமா அண்ணி?" என்றேன். "வாயை மூடிட்டு வா" என்றார்.

மேலதிகாரிக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் தசமபுள்ளி. சௌக்கியமா என்று கேட்டால், "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு சதவீதம்" என்று பதில் சொல்கிறவர். கெட்டவர் இல்லை. அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சலூன் கடைப் பேச்சை எந்தக் கட்டத்துலம்மா போடறது?"

"சலூன் பேச்சை நான் எண்ணல சார். அவர் மனைவி ஒரு வாய். துணியைத் தொட்டிருக்காங்க, லீவு நாள்ல கூப்பிட்டது அவங்களுக்குத் தெரியும். இன்னொரு வாய் வேணும். உள்ளே விழுந்ததைப் பார்த்த ஆள்."

"டாக்டர் என்ன எழுதியிருக்கார்?"

"போலீஸ் குறிப்புல இருக்கிறது, இதயம் நின்னுடுச்சுன்னு."

"அது எல்லாருக்கும் நிக்கும்" என்று தசமபுள்ளி பெருமூச்சு விட்டார். "இன்னைக்கு விட்டா அடுத்த வருஷ அட்டவணையிலயும் சேர்க்க முடியாதும்மா, தெரியும்ல? வருஷம் மாறிடும். ஆபீஸ் விடற வரைக்கும் நான் மூடல. அதுக்கு மேல அச்சகத்துக்காரன் என்னைக் கட்டத்துல போட்டுடுவான்."

அண்ணி நேராக வந்து அண்ணனுக்கு ஃபோன் செய்தார். "இங்க வாங்க" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து அவன் வந்தான். சட்டையில் கிரீஸ். மாடிப்படித் திருப்பத்தில் மூன்று பேரும் நின்றோம்.

"டேய், நீயும் இவளோட சேர்ந்துட்டியா?" என்றான் என்னிடம்.

"அவனை விடுங்க. கேட்டுக்கு வெளியே தூக்கிட்டுப் போனது யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதவரு நேத்து தட்டுல இருந்து தலையை ஏன் எடுக்கல? சாதத்தையா எண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்தான், அது இன்னும் பரவியது. கீழே யாரோ படியேறி வரும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"தூக்கிட்டுப் போகல. ஃபோர்க்லிஃப்ட்ல வச்சுக் கொண்டுபோனாங்க. பெட்டி வைக்கிற மரப்பலகை மேல படுக்க வச்சு. ஓட்டினது விசில்."

விசில் என்பவர் அந்த ஐஸ் கம்பெனி ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், அண்ணனுடைய பழைய சிநேகிதன். வண்டியில் ஹாரன் கெட்டுப்போன காலத்தில் வாயாலேயே விசிலடித்து ஆட்களை விலக்கியதால் வந்த பெயர்.

"மேனேஜர் 'காத்தாட வெளிய கொண்டு போ'ன்னு சொன்னாராம். இவனும் காப்பாத்தத்தான் கொண்டுபோறோம்னு ஓட்டியிருக்கான். கேட்டைத் தாண்டி வச்சப்புறம்தான் தெரிஞ்சுது ஆள் எப்பவோ போயிட்டான்னு. என்கிட்ட சொல்லிட்டு அழுதான். அவன் வாயைத் திறந்தா வேலை போயிடும்டி. எனக்கும் அந்தக் கம்பெனி கதவு மூடிடும்."

"மூடட்டுமே."

"மூடிட்டா அப்புறம்? உன் அட்டவணையை வறுத்துத் தின்னலாமா?"

அண்ணி கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் இன்னும் தணிந்தது.

"விசில் பேரு எங்கயும் வெளிய போகாதுங்க. நான் எழுதிக்கறது மிஷின் ரூம்ல விழுந்தாரா, வெளியவா, அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டுன்னா யாருன்னு தேடுவாங்க. மூணுன்னு அச்சாயிட்டா அதுல யார் யாருன்னு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. அதுக்குத்தான் அந்த விதியே."

அண்ணன் நகத்துக்குள் இருந்த கிரீஸைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ரூமுக்கு மறுபடி எப்போ போறீங்க?"

"வியாழக்கிழமை."

"எதுக்கு?"

"வால்வு கசியுதாம்" என்றான். சொல்லிவிட்டு அவனே அதைக் கேட்டதுபோல வாயை மூடிக்கொண்டான். எனக்கு அவன் கையைப் பிடித்து, போகாதே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் எதையாவது பார்த்து, போகாதே என்று சொல்கிறவன். என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு அவ்வளவுதான்.

அண்ணன் கையை நீட்டி அண்ணியின் ஃபோனை வாங்கினான். அதில் ஒரு எண்ணை அடித்துக் கொடுத்தான். திரையில் கிரீஸ் ரேகை பதிந்தது. "நான் கொடுத்தேன்னு சொல்லிக்கோ. சொல்லலைன்னா எடுத்தாலும் பேசமாட்டான்" என்றான். இரண்டு படி இறங்கி நின்று, திரும்பாமலே, "திட்டிப் பேசாதே அவனை. ஏற்கனவே நொந்து போயிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறையில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். ஒருவர் ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். அண்ணி ஒரு புதுத் தாளை எடுத்து மேலே தேதி போட்டு, கீழே வெறுமையாக விட்டார். பிறகு அலுவலக ஃபோனில் அந்த எண்ணை அழுத்தினார். மணி போனது. ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் கேட்காமலிருக்கலாம் என்றேன். இப்போது ஷிஃப்ட் மாறும் நேரம், கேட்கும் என்றார். தெரியாத எண் என்று பயப்படுகிறாரோ என்றேன். அண்ணி அது கட்டாகும்வரை காத்திருந்து, தன் சொந்த ஃபோனிலிருந்து அடித்தார்.

தசமபுள்ளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் பை, சாப்பாட்டு டப்பா. கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லத்தான் வந்தார் என்று நினைத்தேன். அண்ணியின் காதில் இருந்த ஃபோனைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எடுத்தாரா?"

அண்ணி தலையை ஆட்டினார், இல்லை என்று. ஸ்பீக்கரை அழுத்தி ஃபோனை மேசையின் நடுவில், அந்த வெறும் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி போய்க்கொண்டிருந்தது.